வரிபாக்கிக்காக வங்கிக் கணக்கு முடக்கப்பட்டால்: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு, அதாவது ஐராஸுக்கு, வரிபாக்கி வைத்திருப்போர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. வருமான வரியே முதன்மை. ஜிஎஸ்டி, சொத்து வரி ஆகியவை வேறுபடும் இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

ஏடிஎம்மில் பணம் வரவில்லை. வங்கியில் கேட்டால் “ஐராஸிடம் பேசுங்கள்” என்கிறார்கள். என்ன நடந்திருக்கிறது?

உங்கள் வங்கியை ஐராஸ் “முகவர்” ஆக நியமித்திருக்கிறது. உங்கள் கணக்கில் உள்ள பணத்திலிருந்து பாக்கி வரியை எடுத்துத் தன்னிடம் கட்டும்படி வங்கிக்கு உத்தரவு போயிருக்கிறது. வங்கி மறுக்க முடியாது, உங்கள் சம்மதமும் தேவையில்லை. பாக்கிக்குப் போதுமான பணம் இருந்தால் அது போகும். போதாவிட்டால் இருப்பது போகும், மீதி வரும்வரை கணக்கு பிடித்து வைக்கப்படலாம்.

இந்த நேரத்தில் பெரும்பாலோர் வங்கிக் கிளைக்குப் போய் வரிசையில் நின்று வாதாடுகிறார்கள். அரைநாள் வீண். முடக்கத்தை நீக்கும் அதிகாரம் வங்கிக்கு இல்லை. ஐராஸ் விடுவிப்புக் கடிதம் அனுப்பினால்தான் வங்கி கணக்கைத் திறந்துவிடும். நீங்கள் பேச வேண்டிய இடம் ஐராஸ் ஒன்றே.

நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லையே. எப்படி எடுக்க முடியும்?

மற்றக் கடன்காரர்களுக்கும் வரி ஆணையத்துக்கும் உள்ள வேறுபாடே இதுதான். கடன் கொடுத்த ஒருவர் வழக்குத் தொடுத்து, தீர்ப்பு வாங்கி, அதன் பிறகே உங்கள் பணத்தில் கைவைக்க முடியும். ஐராஸுக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம். வருமான வரிச் சட்டத்தின் 57ஆம் பிரிவு வங்கி, முதலாளி, வாடகைக்கு இருப்பவர், வழக்கறிஞர் என்று உங்களுக்குப் பணம் தர வேண்டிய எவரையும் முகவராக நியமிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. பயணத் தடை உத்தரவுக்கும் நீதிமன்றம் தேவையில்லை. வீட்டுப் பொருள்களைக் கைப்பற்றுவது, நொடித்துப்போனவராக அறிவிப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே வழக்கு.

இது திடீரென நடப்பதாகத் தோன்றினாலும் அதற்கு முன் மதிப்பீட்டு அறிவிப்பு (கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்று சொல்லும் கடிதம்), அபராதக் கடிதம் என்று பல கடிதங்கள் வந்திருக்கும். இப்போது அவை பெரும்பாலும் தபாலில் வருவதில்லை. ஐராஸின் இணையத்தளமான மைடாக்ஸ் போர்ட்டலில் போய் உட்கார்ந்துகொள்கின்றன, கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி மட்டும் வரும். எண்ணை மாற்றியவர்களும் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) விவரங்களைப் புதுப்பிக்காதவர்களும் அதைத் தவறவிடுகிறார்கள். “கடிதத்தைப் பார்க்கவில்லை” என்பது விளக்கமாக ஏற்கப்படுவது அரிது.

முதல் நாளே செய்ய வேண்டியது என்ன?

சிங்பாஸ் வழியாக மைடாக்ஸ் போர்ட்டலுக்குள் போங்கள். கணக்கு விவரப் பகுதியில் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த வரி, எந்த மதிப்பீட்டு ஆண்டு, அபராதம் சேர்த்து இன்றைய மொத்தப் பாக்கி எவ்வளவு. கடிதத்தில் உள்ள தொகையைக் கட்டிவிட்டு “முடிந்தது” என்று இருப்பவர்கள் உண்டு. இடையில் கூடுதல் அபராதம் ஏறியிருந்தால் முப்பது நாற்பது வெள்ளி பாக்கி நிற்கும். அந்தச் சிறு தொகைக்காகவே முடக்கம் நீடிக்கும்.

அடுத்து, மதிப்பீட்டு அறிவிப்பைத் திறந்து அது நீங்கள் தாக்கல் செய்த கணக்கின்படி வந்ததா, ஐராஸ் உத்தேசமாகப் போட்டதா என்று பாருங்கள். உத்தேசம் என்றால் வழியே வேறு. அதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

தொகை சரி, கையில் பணமும் இருக்கிறது என்றால் உடனே கட்டுங்கள். போர்ட்டலில் உருவாகும் பேநவ் (உடனடிப் பணமாற்றுச் சேவை) கியூஆர் குறியீட்டை வேறு வங்கியின் செயலியால் வருடிக் கட்டுவது நல்லது, ஏனென்றால் எண் தட்டும் வேலையே இல்லை. இணைய வங்கிச் சேவையில் கைப்படத் தட்டும்போதுதான் பிழை வருகிறது. வருமான வரிக்கு அடையாள அட்டை எண் அல்லது வெளிநாட்டவருக்கான ஃபின் எண். சொத்து வரிக்கு அந்தச் சொத்துக்கே உரிய வரிக் குறிப்பெண். சொத்து வரியைக் கட்டும்போது வருமான வரியைத் தேர்ந்தெடுத்து அடையாள அட்டை எண்ணைப் போட்டால் பணம் வேறு கணக்கில் ஏறிவிடும். பாக்கி அப்படியே இருக்கும். ஐராஸிடம் சொல்லி மாற்றலாம், ஆனால் நாள் போகும்.

கட்டிய ரசீதைச் சேமித்த பிறகு ஐராஸைத் தொடர்புகொண்டு விடுவிப்புக் கேளுங்கள். எந்தெந்த வங்கிகள் நியமிக்கப்பட்டன என்பதையும் கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வங்கிகளுக்கு உத்தரவு போயிருக்க வாய்ப்புண்டு. விடுவிப்பு வங்கிக்குப் போய், வங்கி அதைச் செயல்படுத்தச் சில வேலைநாள்கள் ஆகும். வெள்ளிக்கிழமை மாலை கட்டிவிட்டுச் சனிக்கிழமை காலை கணக்கு திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று எளிதில் மறந்துபோகும். முடக்கப்பட்ட கணக்கிலிருந்து கைரோ வழியாக, அதாவது தானாகக் கழியும் ஏற்பாட்டில், போகும் எல்லாமே தவறும்: வீட்டுக் கடன் தவணை, காப்புறுதி, மின்கட்டணம், பிள்ளையின் பாலர் பள்ளிக் கட்டணம். அந்த வாரம் எது எது போக வேண்டும் என்று எழுதிவைத்து வேறு வழியில் கட்டுங்கள். காப்புறுதியை முதலில் கவனியுங்கள். தவணை தவறிய காப்புறுதி காலாவதியானால் உடல்நிலையைக் காட்டி மீண்டும் எடுப்பது கடினம்.

நான் அவ்வளவு சம்பாதிக்கவே இல்லை. தொகை எங்கிருந்து வந்தது?

நீங்கள் அந்த ஆண்டு வரிப் படிவம் தாக்கல் செய்திருக்க மாட்டீர்கள். இணையத்தில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18. செய்யாவிட்டால் முந்தைய ஆண்டுகளின் வருமானத்தையும் கையில் உள்ள தகவலையும் வைத்து ஐராஸ் உத்தேச மதிப்பீடு அனுப்பும். டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள், உணவு விநியோகிப்பவர்கள், வீட்டில் தையலோ டியூஷனோ நடத்துபவர்கள், சிறு ஒப்பந்தக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி விவரம் அனுப்பிவிடுவார், சுயதொழில் செய்பவர் பலருக்கு அப்படி அனுப்ப ஆளில்லை. சுயதொழிலில் செலவு போக நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் தெரிவித்தாக வேண்டும்.

உத்தேச மதிப்பீட்டைக் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்பது தவறான எண்ணம். படிவம் தாக்கலாகும்வரை அந்தக் குற்றம் நிற்கும், நீதிமன்ற அழைப்பாணை வரலாம். எனவே உடனே படிவத்தைத் தாக்கல் செய்து மதிப்பீட்டைத் திருத்தக் கேளுங்கள். வரவு செலவுக் கணக்கு, பெட்ரோல், வாடகை ரசீதுகள், செயலித் தளம் நடத்தும் நிறுவனம் தந்த வருமான அறிக்கை ஆகியவற்றை அடுக்கிவையுங்கள். இவற்றை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தாக்கல் செய்யாதவருக்கு நீதிமன்றம் வரியைப் போல் இருமடங்கு தண்டமும் 5,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

தொகையை ஆட்சேபித்திருக்கிறேன். முடிவு வரும்வரை கட்டாமல் இருக்கலாமா?

கூடாது. தனிநபர் மதிப்பீட்டு அறிவிப்பின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள் வரியைக் கட்டியே ஆக வேண்டும். தொகை குறைந்தால் அதிகமாகக் கட்டியது திரும்பி வரும். ஆட்சேபத்தை நம்பி நிறுத்திவைத்து அபராதமும் முடக்கமும் சேர்ந்து வாங்கியவர்கள் பலர்.

அபராதம் எப்படி ஏறுகிறது?

வருமான வரி என்றால் கெடு தாண்டியதும் பாக்கியில் 5%. அதன் பிறகும் 60 நாளாகக் கட்டாவிட்டால் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1%, அதிகபட்சம் 12%. உங்கள் வரி 4,000 வெள்ளி என்று வையுங்கள். முதலில் 200 வெள்ளி. பிறகு மாதம் 40 வெள்ளி வீதம் 480 வரை. மொத்தம் 680 வெள்ளி.

ஜிஎஸ்டியில் இது கடுமை: 5%, பிறகு மாதம் 2% வீதம் 50% வரை போகும். படிவம் தாக்கல் செய்யாததற்கு 200 வெள்ளி, பிறகு தாமதமாகும் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் இன்னொரு 200 என்று ஒரு படிவத்துக்கு 10,000 வெள்ளி வரை ஏறும்.

ஒரே தடவையில் கட்ட வழியில்லை. தவணை கிடைக்குமா?

கெடுவுக்கு முன் கேட்பதற்கும் முடக்கத்துக்குப் பின் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கெடுவுக்கு முன் என்றால் கைரோவில் சேர்ந்து 12 மாதம் வரை வட்டியில்லாத் தவணையில் கட்டலாம். மாதந்தோறும் 6ஆம் தேதி பணம் கழியும். அதற்கு முந்தைய நாளே கணக்கில் பணம் இருப்பது பாதுகாப்பு. தவணை தவறினால் திட்டம் ரத்தாகி மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும். வங்கிக் கணக்கை மூடி வேறு வங்கிக்குப் போகிறவர்கள் புதிய கைரோ அங்கீகாரமாகிறதா என்று உறுதிசெய்த பிறகே பழையதை மூட வேண்டும். இந்த இடைவெளியில் தவறிய தவணையால் தொடங்கிய முடக்கங்களும் உண்டு.

முடக்கத்துக்குப் பிறகும் கேட்கலாம், கிடைக்கும் என்ற உறுதி மட்டும் இல்லை. “இப்போது முடியாது” என்ற ஒற்றை வரியோடு போகாதீர்கள். மூன்று மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, வேலை போயிருந்தால் பணிநீக்கக் கடிதம், மருத்துவமனைப் பில், மாதச் செலவுப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தவணையாகக் கணிசமான ஒரு தொகையை உடனே கட்ட முன்வாருங்கள். மாதம் இவ்வளவு, இந்தத் தேதியில் என்று நீங்களே சொல்லுங்கள். உங்களால் காப்பாற்றக்கூடிய தொகையையே சொல்லுங்கள். அதிகாரியை மகிழ்விக்க 800 வெள்ளி என்று ஒப்புக்கொண்டு இரண்டாம் மாதம் தவறுவதைவிட 450 என்று சொல்லி நிற்பது மேல்.

அந்தக் கணக்கு நானும் மனைவியும் சேர்ந்து வைத்திருப்பது. அவருக்கு வரிபாக்கி இல்லையே?

கூட்டுக் கணக்குக்கும் விலக்கு இல்லை. வேறுவிதமாக நிரூபிக்கும்வரை அந்தப் பணம் கணக்கு வைத்திருப்போருக்குச் சமபங்கு என்றே சட்டம் கொள்கிறது. மனைவியின் பங்கு பாதிக்கு மேல் என்றால் அவர் ஆட்சேபித்து ஆதாரம் காட்டலாம்: அவருடைய சம்பளம் வரவான அறிக்கை, அவர் தாயார் அனுப்பிய பணத்தின் பதிவு போன்றவை. வங்கி அனுப்பும் அறிவிப்பில் ஆட்சேபத்துக்கான கெடு இருக்கும், அதைத் தாண்டவிடாதீர்கள். வயதான பெற்றோரின் சேமிப்பில் வசதிக்காகத் தன் பெயரைச் சேர்த்துக்கொண்ட மகன்களும் மகள்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். உங்கள் பாக்கி அப்பாவின் சேமிப்பைத் தொட்டுவிடும்.

சம்பளத்தைப் பிடிக்க முடியுமா?

முடியும், முதலாளியை முகவராக நியமித்து. நீதிமன்ற அமலாக்கத்தில் சம்பளத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது சரிதான். ஆனால் முகவர் நியமனம் தனிச் சட்ட அதிகாரம், அந்தப் பாதுகாப்பு இங்கே உதவாது. சம்பளம் வங்கியில் வரவான பிறகோ அது வெறும் வங்கி இருப்புதான்.

அலுவலகத்துக்குக் கடிதம் போனதும் சம்பளப் பிரிவுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறதே என்ற கூச்சம் பலருக்கு. அதற்காகவாவது முந்திக்கொள்ளுங்கள். கடிதம் போன பிறகும் நீங்கள் நேரடியாகக் கட்டி முடித்தால் ஐராஸ் முதலாளிக்கு விடுவிப்பு அனுப்பும். அது போய்ச் சேர்ந்ததா என்று சம்பளப் பட்டியல் மூடும் தேதிக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தை அண்ணன் கணக்குக்கு மாற்றிவிட்டால்?

செய்யாதீர்கள். பாக்கி குறையாது, அபராதம் ஏறும், பயணத் தடையும் வழக்கும் வரும். விஷயம் நொடிப்பு நிலை வரை போனால் அந்த மாற்றங்களைத் தோண்டி எடுத்து ரத்துசெய்ய அதிகாரிகளுக்கு வழி உண்டு, அண்ணனும் பதில் சொல்ல வேண்டிவரும்.

வீடு போய்விடுமா? கார், நகை, மத்திய சேமநிதி?

பயத்தில் முதலில் கேட்பது இதைத்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கடன் தீர்ப்புக்காக ஜப்தி செய்யப்படுவதிலிருந்து சட்டப் பாதுகாப்புப் பெற்றது. மத்திய சேமநிதிக் கணக்கில் இருக்கும் பணத்தையும் ஜப்தி செய்ய முடியாது. இந்த இரண்டையும் நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டுரிமை வீடு, தரைவீடு, கடை ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வழக்கில் தீர்ப்பு வந்தால் கைப்பற்றி விற்க அமலாக்க உத்தரவு வாங்கலாம். அசையும் பொருள்களில் உடுப்பு, படுக்கை, தொழிற்கருவிகள் ஆகியவற்றுக்கு 1,000 வெள்ளி மதிப்பு வரை விலக்கு உண்டு. நகை, தொலைக்காட்சி, கடைச் சரக்கு, கடன் முடிந்த கார் எல்லாம் கைப்பற்றத்தக்கவை. தவணைக் கடனில் ஓடும் கார் கடன் தீரும்வரை நிதி நிறுவனத்துக்குச் சொந்தம்.

நீதிமன்ற அதிகாரிகள் வீட்டுக்கே வந்தால்?

ஊரில் அமீனா என்பார்களே, இங்கே அந்த வேலையைச் செய்பவர் நீதிமன்ற பேலிஃப். இந்தக் கட்டம் வருவதற்குள் வழக்கும் தீர்ப்பும் முடிந்திருக்கும். அடையாள அட்டையையும் உத்தரவையும் கேட்டுப் பாருங்கள், தடுக்காதீர்கள். அவர் பொருள்களைப் பட்டியலிட்டுக் கைப்பற்றல் அறிவிப்பு ஒட்டுவார். ஒட்டிய பொருளை நகர்த்துவதும் விற்பதும் குற்றம்.

பட்டியலில் உங்களுக்குச் சொந்தமில்லாத பொருள் இருந்தால் அப்போதே சொல்லுங்கள். வீட்டுச் சொந்தக்காரரின் குளிர்பதனப் பெட்டி, உடன் தங்கியிருப்பவரின் மடிக்கணினி, தங்கையின் தாலிக்கொடி என்று கலந்துதான் இருக்கும். அந்தப் பொருளின் சொந்தக்காரரே எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். ரசீது, கடன் அட்டை அறிக்கை, நகைக்கடைப் பில் ஏதாவது ஒன்று வேண்டும். வாய்ச்சொல் போதாது. விற்பனைக்கு முன் பாக்கியும் செலவும் கட்டினால் ஏலம் நிற்கும். ஏலத்தில் பழைய பொருளுக்கு நல்ல விலை கிடைக்காது. வண்டி, ஆள் செலவும் உங்கள் கடனில் ஏறும்.

சாங்கியில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயணத் தடையை எப்படி நீக்குவது?

ஐராஸ் பயணத் தடை உத்தரவு போட்டால் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் எல்லா வாசலிலும் உங்களை நிறுத்தும். சாங்கி மட்டுமல்ல, உட்லண்ட்ஸ், துவாஸ், படகுத்துறைகளும்தான். குடியுரிமை உள்ளவருக்கும் இது பொருந்தும். தடை இருப்பது தெரிந்தே வெளியேற முயல்வது குற்றம்.

முழுப் பாக்கியையும் கட்டுவது நேர்வழி. ஏற்கத்தக்க பிணை கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருக்கும்போது அது நடக்கும் காரியமல்ல. கட்டிய ரசீதைச் சோதனைச் சாவடி அதிகாரியிடம் காட்டினால் விடமாட்டார். ஐராஸ் தடையை நீக்கி அந்தத் தகவல் குடிநுழைவு ஆணையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எனவே ஊரில் திருமணமோ திதியோ இருந்தால், வரிபாக்கி உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன் போர்ட்டலைப் பார்த்துவிடுங்கள். துக்கச் செய்தி கேட்டுக் கிளம்புகிறீர்கள் என்றால் அலுவல் நேரத்தில் பேநவ் மூலம் கட்டி, ஐராஸை அழைத்துக் காரணத்தைச் சொல்லி, நீக்கியாயிற்று என்ற உறுதி வாங்கிய பிறகு விமான நிலையம் போங்கள்.

வேலை அனுமதியில் இருக்கிறேன். வேலையை விட்டதும் கம்பெனி கடைசிச் சம்பளத்தைத் தரவில்லை. இது முறையா?

குறிப்பிட்ட காலத்துக்கு முறைதான். இது பாக்கிக்கான தண்டனை அல்ல, வரித் தீர்வை நடைமுறை, அதாவது வெளிநாட்டு ஊழியர் விலகும்போது அவருடைய வரிக்கணக்கைத் தீர்த்து முடிப்பது. வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டாலோ, மூன்று மாதத்துக்கு மேல் சிங்கப்பூரை விட்டுப் போனாலோ, முதலாளி குறைந்தது ஒரு மாதம் முன்னதாக ஐஆர்21 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் விலகுவது தெரிந்த நாளிலிருந்து சம்பளம், போனஸ், ஓவர்டைம், விடுப்புக்கான பணம் எல்லாவற்றையும் நிறுத்திவைக்க வேண்டும். ஐராஸின் தீர்வை உத்தரவு வரும்வரை, அல்லது படிவம் ஐராஸுக்குக் கிடைத்து 30 நாள் ஆகும்வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான். அதற்கு மேல் வைத்திருக்க உரிமை இல்லை. வரி போக மீதியை உங்களிடம் தர வேண்டும்.

ஆண்டில் 183 நாளுக்குக் குறையாமல் வேலை செய்து ஆண்டு வருமானம் 21,000 வெள்ளிக்குக் கீழ் இருப்பவருக்கு ஐஆர்21 தேவையில்லை. கட்டுமானம், கப்பல் பட்டறை வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலர் இந்த வரம்புக்குள்தான் வருகிறார்கள். “வரிக்காகப் பிடித்திருக்கிறோம்” என்று சொன்னால், ஐஆர்21 எந்தத் தேதியில் தாக்கல் செய்தீர்கள், நகல் தாருங்கள் என்று கேளுங்கள். நகல் காட்டவில்லை என்றால் அது சம்பளத் தகராறு. மனிதவள அமைச்சிடம் போகலாம்.

எனக்குச் சிராங்கூன் ரோட்டில் சிறு கடை. கடை வரிக்காக என் சொந்தக் கணக்கைத் தொடுவார்களா?

பதிவைப் பாருங்கள். தனி உரிமையாளர் வணிகம் என்றால் கடையும் நீங்களும் சட்டத்தில் ஒருவரே. சொந்தக் கணக்கு, வீட்டுச் சேமிப்பு எல்லாம் எல்லைக்குள். பிரைவேட் லிமிடெட் என்றால் பாக்கி நிறுவனத்தினுடையது, முதலில் நிறுவனக் கணக்கு முடங்கும். ஆனால் படிவம் தாக்கல் செய்யாதது போன்ற தவறுகளுக்கு இயக்குநருக்கு நேரடியாக அழைப்பாணை வரும். “நிறுவனத்தை மூடிவிடுகிறேன்” என்பதும் வழியல்ல, வரிபாக்கி உள்ள நிறுவனத்தின் பெயரைப் பதிவிலிருந்து நீக்க மாட்டார்கள்.

கடைகளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் ஜிஎஸ்டிதான். வாடிக்கையாளரிடம் 9% வாங்கியாயிற்று, அது அதே கல்லாவில் கிடந்து சரக்குக்கும் வாடகைக்கும் போய்விடுகிறது. காலாண்டு முடிந்து ஒரு மாதத்தில் கட்ட வேண்டிய நேரத்தில் கையில் இல்லை. ஜிஎஸ்டிக்கு வேறு வங்கிக் கணக்கு திறந்து வாரந்தோறும் அந்தப் பங்கை ஒதுக்கிவையுங்கள். கையில் பணம் இல்லாவிட்டாலும் படிவத்தை மட்டுமாவது நேரத்தில் போடுங்கள். தாமதக் கட்டணமும் உத்தேச மதிப்பீடும் தவிரும்.

நான் வாடகைக்கு இருப்பவன். வீட்டுக்காரரின் சொத்து வரிக்காக எனக்குக் கடிதம் வந்திருக்கிறது!

சொத்து வரிக்குக் கெடு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31. உரிமையாளர் கட்டாவிட்டால் வாடகைதாரரை முகவராக்க முடியும். அப்படி வந்தால் வாடகையை, கடிதத்தில் சொன்ன தொகை வரை, வீட்டுக்காரருக்குக் கொடுக்காமல் ஐராஸுக்குக் கட்டுங்கள். ரசீதை அவருக்கு அனுப்புங்கள். அது வாடகையாகவே கணக்காகும். அவர் கோபித்தாலும் கடிதத்தைக் காட்டுங்கள். கடிதம் கிடைத்த பிறகும் அவர் கையில் வாடகையைக் கொடுத்தால் பொறுப்பு உங்கள் மேல் திரும்பும். வீட்டை விற்கும் உரிமையாளருக்கும் இதே கதைதான், வழக்கறிஞர் விற்பனைப் பணத்திலிருந்து பாக்கியைக் கழித்துக் கட்டிவிடுவார்.

நொடிப்பு வழக்குப் போடுவார்களா?

பாக்கி 15,000 வெள்ளியைத் தொட்டால் போடலாம். முதலில் சட்டபூர்வக் கோரிக்கைக் கடிதம் வரும், 21 நாளுக்குள் கட்ட வேண்டும் அல்லது ஏற்பாடு செய்ய வேண்டும். இந்த 21 நாள்தான் பேச்சுக்கு எஞ்சிய காலம், வீணாக்காதீர்கள். வழக்கு வந்த பிறகும், பிணையில்லாக் கடன்கள் மொத்தம் 150,000 வெள்ளிக்கு மிகாமல் நிலையான வருமானமும் இருந்தால், ஐந்தாண்டு வரையிலான கடன் திருப்பிச் செலுத்தும் திட்டத்துக்கு நீதிமன்றம் உங்களை அனுப்பக்கூடும். வரியோடு வங்கிக் கடன், கடன் அட்டை என்று சேர்ந்து மூச்சுமுட்டுகிறவர்கள் சிங்கப்பூர் கடன் ஆலோசனை மையத்தை இந்தக் கட்டத்துக்கு முன்பே பார்ப்பது நல்லது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாத குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட உதவிப் பிரிவை அணுகலாம்.

செய்திகளில் கோடிக்கணக்கில் சொத்து பறிமுதல் என்று வருகிறதே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது காவல்துறை குற்ற விசாரணைக்காகச் செய்வது. இங்கே பேசுவது கட்ட வேண்டிய வரியை வசூலிப்பது. ஆனால் வருமானத்தை வேண்டுமென்றே மறைப்பது குற்றம். கடுமையான மோசடிக்கு மறைத்த வரியைப் போல் நான்கு மடங்கு வரை தண்டம், 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. பழைய கணக்கில் விடுபட்டது ஏதும் இருந்தால் ஐராஸ் கேட்கும் முன் நீங்களே தெரிவியுங்கள். தாமாக முன்வருவோருக்கான திட்டத்தில் தண்டம் வெகுவாகக் குறையும்.

அபராதத்தைத் தள்ளுபடி செய்வார்களா?

முதலில் வரியைக் கட்டுங்கள், பிறகு போர்ட்டலில் விண்ணப்பியுங்கள். இதுவரை ஒழுங்காகக் கட்டியவருக்கு வாய்ப்பு அதிகம். மருத்துவமனையில் இருந்த தேதி போன்ற ஆதாரத்தை இணையுங்கள். “மறந்துவிட்டேன்” என்று மட்டும் எழுதினால் எடுபடாது.

“வரி கட்டாவிட்டால் இன்றே கணக்கு முடங்கும்” என்று ஒருவர் தொலைபேசியில் மிரட்டுகிறார். ஐராஸ்தானா?

அநேகமாக மோசடிக்காரர். அரசு அதிகாரிகள் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லவோ, வங்கிக் கடவுச்சொல்லும் சிங்பாஸ் விவரமும் கேட்கவோ மாட்டார்கள். 2024 ஜூலை முதல் ஐராஸ் உள்ளிட்ட அரசு அமைப்புகளின் குறுஞ்செய்திகள் “கவ் டாட் எஸ்ஜி” என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், அழைப்பைத் துண்டித்து, நீங்களே மைடாக்ஸ் போர்ட்டலுக்குள் போய்ப் பாருங்கள். பாக்கி இருந்தால் அங்கே இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு, அடுத்தது காவல்துறைக்கு. அந்த வரிசை மாறக்கூடாது, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தக்கூடியது வங்கிதான்.